பனியில் வந்தவனுக்கு ஒரு வட்டில்

இரணியல்
கொல்லம் 1100 ஐப்பசி 14

நேசபாய்க்கு மாசிலாமணி சொல்லியது. எழுதுகிறது நெல்கடைக் கணக்கு சுயம்புலிங்கம்.

வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்க வழி விட வேண்டும் என்று ஆட்கள் கழுத்தளவு வெள்ளத்தில் நின்ற வருடம் இது. ஆடியில் பெய்த மழையில் நாடெல்லாம் ஆறாகி, அந்தச் சேறு காயும் முன்னே மகாராஜாவும் கண்மூடி நாடு நீங்கினார். உன் கடிதம் அந்தத் துக்கத்துக்குப் பிந்தி வந்தது. எனக்குத் தேதி எழுதி வைக்கத் தெரியாது. நடந்ததை வைத்துத்தான் வருடம். எம்டன் கப்பல் மதராசில் குண்டு போட்டதற்கு மறு வருடம் உனக்கும் என் மகன் செல்வதாசுக்கும் கல்யாணம். அதற்கு மறு வருடம் அவன் பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டப் பாஸ்ராவுக்குக் கப்பலேறினான். சண்டை முடிந்து, விஷக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒரு குழி தோண்டிய வருடம், அவனைக் காணவில்லை என்று காகிதம் வந்தது. காணவில்லை என்றுதான் வந்தது. செத்தான் என்று வரவில்லை.

நீ என் வீட்டை விட்டுப் புனலூருக்கு வாத்திச்சி வேலைக்குப் போனபின் எழுதிய முதல் கடிதம் இது. அதில் என் சுகத்தை ஒரு வரியில் விசாரித்துவிட்டு, மீதி எல்லாம் ஒரே காரியம். நான் நம் சபையில் எழுந்து நின்று என் மகன் இறந்துபோனான் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் போதகர் ஐயா உன் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு இங்கே வாசிப்பார். வாசித்தால்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் ஜெபமணி உன்னைக் கட்ட முடியும். இதைச் சுயம்புலிங்கம் குரலை அமுக்கி அமுக்கி வாசித்தான். "எலே, எனக்க காது கேக்கும், உள்ளத ஒழுங்கா வாசி" என்றேன். "பாட்டா, இது வாசிக்கக் கூடிய எழுத்து இல்ல" என்றான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். இப்போது உன் கடிதம் முழுவதும் எனக்குப் பாடம்.

பதில் சொல்லுமுன் ஒரு காரியம் கேள். போன வாரம் கோட்டாற்றுக்கு வண்டியில் நெல் ஏற்றிக்கொண்டு போனேன். சந்தைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுப் படம் காட்டுகிறார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அந்திக்கு உள்ளே போனேன். ருஷ்ய தேசத்துப் படமாம். கூடாரக்காரர் கொழும்பில் வாங்கி வந்தது. எல்லாம் கறுப்பும் வெள்ளையும்தான், ரத்தம்கூடக் கறுப்பாகத்தான் ஓடுகிறது. நடுநடுவே எழுத்து வருகிறது, அது ருஷ்ய எழுத்து. கூடாரத்துக்குள் வக்கீலும் இருந்தார், வாத்தியாரும் இருந்தார். அந்த எழுத்து வந்தபோது எல்லோரும் என்னைப்போல முழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு சந்தோஷம்.

திரைக்குப் பக்கத்தில் கமருதீன் என்று கோட்டாற்றுக்காரன் ஒருவன் பிரம்பு வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன்தான் கதை சொல்லுகிறவன். ஒரு தாய்க்கு ஒரே மகன். சண்டைக்குக் குதிரை வண்டி ஓட்டப் போகிறான். வண்டி ஓட்ட, கேட்டியா. பிறகு ஒருவன் வந்து ஒரு காகிதத்தைக் கொடுக்கிறான், தாய் விழுகிறாள். "காயிதம் ஆயிரம் சொல்லும், தாய்க்க வயிறு ஒண்ணுதான் சொல்லும்" என்றான் கமருதீன். அவள் தினம் அந்திக்கு மேசையில் கஞ்சி ஊற்றி வைக்கிறாள். வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள். கடைசியில், உப்பளத்தில் உப்புக் குவித்ததுபோல ஊரெல்லாம் வெள்ளை, அது பனியாம், அந்தப் பனியில் அவன் நடந்து வருகிறான். தோளெல்லாம் பனி. கதவைத் திறந்து உள்ளே வந்து மேசையில் உட்காருகிறான். "வந்திட்டான், காணாம போன பய வந்திட்டான்" என்று கமருதீன் பிரம்பால் தட்டினான். கூடாரம் முழுக்கக் கைதட்டியது.

செல்வதாசைக் காய்ச்சலோடு ஆற்றுப் படகில் ஏற்றியதைப் பார்த்தேன் என்று கூடப்போன கடியபட்டணம் ததேயுஸ் வந்து சொன்னானே, நினைவிருக்கிறதா? ஏற்றியதைத்தான் பார்த்தான். இறக்கியதைப் பார்த்தவன் எவனும் இல்லை. ருஷ்யாவில் ஒருவன் வந்தான். நான் சபையில் எழுந்து நிற்க மாட்டேன்.

---

புனலூர்
9 நவம்பர் 1924

அன்புள்ள மாமாவுக்கு நேசபாய் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதிக் கொடுத்த சுயம்புலிங்கம் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் வேகத்துக்கு அவர் கை வலித்திருக்கும்.

நான் ஒரு வரியில் சுகம் விசாரித்தேன் என்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டுத்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். நான் வீட்டை விட்டு வந்த அன்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "எனக்க மகனை உயிரோட குழியில வச்சு மூடவாட்டி நீ வந்த?" என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று கேட்டார்கள். நான் திருப்பி ஒன்றும் மிண்டவில்லை. மிண்டியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்தக் கடிதப் போக்குவரத்துகூட இருந்திருக்காது.

அன்று நான் செய்த குற்றம் என்ன மாமா? ஒரு நாள் அந்திக்கு உங்கள் மகனுடைய வட்டிலை எடுத்து வைக்கவில்லை. அவ்வளவுதான்.

காணவில்லை என்று காகிதம் வந்த நாள் முதல் அத்தை அவர் வட்டிலில் சோறு போட்டு மூடி வைத்தார்கள். கண்ணை மூடும்போது என் கையைப் பிடித்து, "வட்டிலை மறந்திராத மக்கா" என்றார்கள். நான் மறக்கவில்லை. உங்களுக்கு முதலில், அவருக்கு இரண்டாவது, எனக்குக் கடைசியில் என்று பரிமாறினேன். ஒருவருக்கும் உதவாமல் ஆறிப்போன அந்தச் சோற்றை மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றி நான்தான் சாப்பிட்டேன். உங்களுக்கு அது தெரியுமா? சூடான சோறு ஒரு காலைகூட எனக்கு அந்த வீட்டில் கிடைக்கவில்லை. நான் அதற்காகக் குறைபடவில்லை. அது அவருக்கு வைத்த சோறு என்று நினைத்தே ஒவ்வொரு கவளமும் தின்றேன். ஒரு நாள் தொண்டையில் இறங்கவில்லை. அன்று அந்திக்கு வட்டிலை எடுக்கக் கை வரவில்லை.

ஜெபமணியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனைவியை இழந்தவர். பூங்கனி என்று ஐந்து வயதில் ஒரு மகள் உண்டு. என்னிடம் படிக்கிறாள். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. "அந்த அப்பாவுக்க வாயிலேர்ந்து வரட்டும், இல்லேன்னா வேண்டாம்" என்கிறார். வேறு சபையில், வேறு ஊரில், யாருக்கும் தெரியாமல் கல்யாணத்தை முடிக்க அவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

உங்கள் படத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பனியில் நடந்து வந்து மேசையில் உட்கார்ந்தான் என்றீர்களே, அந்தத் தாய் ஊற்றி வைத்த கஞ்சியை அவன் குடித்தானா?

---

இரணியல்
கொல்லம் 1100 கார்த்திகை 9

நேசபாய்க்கு மாசிலாமணி சொல்லியது.

குடித்தான். குடிக்காமல் என்ன? அத்தனை தூரம் பனியில் நடந்து வந்த பிள்ளையை எந்தத் தாய் பட்டினியாக உட்கார வைப்பாள்? வாத்திச்சியாகப் போனால் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் பரீட்சைக் கேள்வி.

சோற்றைப் பற்றி நீ எழுதியதைச் சுயம்புலிங்கம் வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "எலே, எழுது" என்றேன். "இதுக்கு என்ன பதில் எழுதச் சொல்லுகியோ அத முதல்ல சொல்லுங்க பாட்டா" என்றான். அதை விட்டு அடுத்ததை எழுது என்றேன்.

வட்டிலை இப்போது நான்தான் வைக்கிறேன். சோறு குழைந்துபோகிறது, ஆனாலும் வைக்கிறேன்.

படத்தில் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. தாயின் வீட்டுக் கதவில் இரண்டு பலகை, வலது பலகையில் ஒரு விரிசல். குதிரைக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காகிதம் கொண்டு வந்தவனுக்கு ஒரு கை இல்லை. அவள் கஞ்சி ஊற்றியது மரச்சட்டியில், அதிலிருந்து ஆவி எழும்பியது. அதுவரை சொல்லிவிடுவேன். அவன் உட்கார்ந்ததற்குப் பிறகு எனக்குக் கண்ணில் வெள்ளம் வந்துவிட்டது. அப்புறம் கமருதீன் சொன்னதைத்தான் கேட்டேன். "நடந்து வந்த களைப்பு, பய குடிச்சிட்டு ஒறங்கப் போயிட்டான்" என்றான். கூட்டம் சிரித்தது. அதுவே எனக்குப் போதும். உனக்கும் போதும்.

---

புனலூர்
4 ஜனவரி 1925

அன்புள்ள மாமாவுக்கு.

புதுவருட ஆராதனையில் உங்களுக்காக ஜெபித்தேன். மூட்டுவலிக்கு ஜெபமணி ஒரு தைலம் கொடுத்தார், தனியாக அனுப்பியிருக்கிறேன். அவர் கொடுத்தது என்பதற்காகத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வண்டியில் ஏறி இறங்க உங்களுக்கு அது வேண்டும்.

இது நான் இந்தக் காரியம் பற்றி எழுதும் கடைசிக் கடிதம். ஜெபமணிக்குப் பினாங்கில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. பங்குனிக் கடைசியில் கப்பல். ஓலை வாசித்துக் கல்யாணம் முடிந்தால் நானும் போவேன். இல்லையென்றால் அவரும் பூங்கனியும் போவார்கள், நான் இங்கே பள்ளிக்கூடத்தில் இருப்பேன். இதை உங்களை மிரட்டுவதற்காக எழுதவில்லை. நடக்கப்போவது உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

இன்னொன்றும் தெரிய வேண்டும். அன்று சண்டை போட்டுக்கொண்டு வந்தேனே, புனலூரில் என் அறையில் முதல் நாள் அந்திக்குச் சோறு வடித்து இறக்கினேன். இரண்டு பீங்கான் தட்டு வாங்கியிருந்தேன். ஒன்றில் எனக்குப் போட்டேன். என்னை அறியாமல் மற்றதிலும் போட்டு மூடி வைத்தேன். உங்கள் வீட்டில் மாட்டேன் என்றவள், இங்கே ஒருவரும் சொல்லாமல் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். அப்படியே ஒரு வருடத்துக்கு மேலே.

பூங்கனி ஒரு நாள் சாயங்காலம் எழுத்து படிக்க வந்தவள், "டீச்சர், இது ஆருக்கு?" என்று கேட்டாள். நான் மூடியை மட்டும் திறந்தேன். "ஆருக்கும் இல்லேன்னா நான் தின்னட்டா?" என்றாள். தின்றாள். பீங்கானை வழித்து நக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை வருடம் வைத்த சோற்றை முதல்முறையாக ஒரு வாய் ஆசையோடு தின்றது மாமா.

அதற்குப் பிறகுதான் ஜெபமணி என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் சரி என்றேன்.

இனி கேட்க மாட்டேன். உங்கள் மகன் வந்தால் வரட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

இரணியல்
கொல்லம் 1100 மாசி 4

நேசபாய்க்கு மாசிலாமணி சொல்லியது. எழுதுகிறது சுயம்புலிங்கம். இன்று அவன் ஒரு சொல்லையும் விடாமல் எழுத வேண்டும் என்று கடையை அடைத்துவிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

தைலம் தேய்க்கிறேன். குணம் தெரிகிறது. ஜெபமணியிடம் சொல்லு.

கூடாரம் தக்கலைக்கு வந்துவிட்டது என்று சந்தைக்குப் போனவர்கள் சொன்னார்கள். போன வாரம் மாட்டைப் பூட்டினேன். சாக்குப்போக்குக்குக்கூட ஒரு மூட்டை ஏற்றவில்லை, வெறும் வண்டிதான். உன் கேள்வியைத் தவிர வேறு பாரம் இல்லை. படம் தொடங்க நேரம் இருந்தது. கமருதீன் கூடாரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாட்டா, கோட்டாத்துல பாத்தது போதாதுன்னு இஞ்சயும் வந்தியளா?" என்றான்.

"எலே கமருதீனே, அந்தப் பய கஞ்சி குடிச்சானா?"

"குடிச்சான்னுதானே நான் சொல்லுகேன்."

"நீ சொல்லுகது எனக்குத் தெரியும். படம் என்ன சொல்லுகு?"

அவன் கயிற்றை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "பாட்டாவுக்க ஆளு யாராவது போயிருக்காவளா?" என்று கேட்டான். "மகன். பாஸ்ரா" என்றேன். "இன்னைக்கு எனக்க பக்கத்துல வந்து இரியுங்க. நான் சொல்லுகதக் கேக்காண்டாம்" என்றான்.

அப்படியே திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காதை அடைத்துக்கொண்டதுபோல இருந்துகொண்டேன். கண் நிறைந்தபோதெல்லாம் துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அவன் பனியில் நடந்து வருகிறான் மக்கா. தாய் வாசலில் நிற்கிறாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே அத்தனை வெள்ளை, அதில் ஒரு கால் தடம் இல்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரத் தடம் பார்த்தே வண்டி ஓட்டினவன் நான், முதல் தடவை இது எனக்குத் தட்டுப்படவே இல்லை. கதவை அவன் திறக்கவில்லை, அவள்தான் திறக்கிறாள். உட்காருகிறான். அவள் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். ஆவி எழும்புகிறது. அவன் கை மேசைமேல்தான் இருக்கிறது, எடுக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அவனைப் பார்க்கிறாள். பிறகு ஆவி குறைகிறது. பிறகு ஆவியே இல்லை. கஞ்சிமேல் ஆடை படிகிறது. பிறகு பார்த்தால் நாற்காலியில் ஒருவரும் இல்லை. சட்டி நிறையக் கஞ்சி அப்படியே இருக்கிறது. "பய குடிச்சிட்டு ஒறங்கப் போயிட்டான்" என்று கமருதீன் சத்தமாகச் சொன்னான். கூட்டம் சிரித்தது. எனக்கு மட்டும் அந்த நிறைந்த சட்டி தெரிந்தது. அந்தத் தாய் அதைத் தன் பக்கம் இழுத்து, தானே குடிக்கத் தொடங்கினாள். ஆறினதை. நீ தின்றதுபோல.

படம் முடிந்து கமருதீன் வெளியே வந்தான். "மனசுல ஒண்ணும் வைக்காதங்க பாட்டா. கொழும்புலேர்ந்து வந்த புதுசுல நான் படத்துல கண்டதைத்தான் சொன்னேன். அவன் செத்துப்போனான், தாய் நினைப்புல காணுகான்னு. ஒரு ஊர்ல ஒரு பொம்பள எழும்பி ஓடிவந்து திரையக் கட்டிப் பிடிச்சிட்டா. ஆராலயும் பிரிச்செடுக்க முடியல. அவளுக்க மகனும் பட்டாளத்துக்குப் போனவனாம். அன்னையிலேர்ந்து நான் அவனை வீட்டுல கொண்டாந்து விட்டுருகேன். அந்த எழுத்துல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது" என்றான். நான் கோபப்படவில்லை. அவன் தினமும் செய்ததை இந்த வீட்டில் நானும் செய்துகொண்டிருந்தேன். "நல்லாத்தான் சொல்லுக, இனியும் அப்பிடியே சொல்லு" என்றேன். வருகிறவர்களில் என்னைப்போல எத்தனை பேரோ.

வீட்டுக்கு வந்தேன். வட்டிலில் சோறு மூடி வைத்தபடி இருந்தது. திறந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு நானே தின்றேன். நேசபாய், அது தொண்டையில் இறங்குகிற சோறு இல்லை. நீ எப்படி இத்தனை வருடம் இறக்கினாய்?

வட்டிலைப் புளி போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் செல்வதாஸ் பல் முளைத்த காலத்தில் தரையில் போட்டு அடித்த நெளிவு இருக்கிறது, அது தேய்த்தால் போகாது. சாக்கில் சுற்றி மோட்டார் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பூங்கனிக்கு அதில் சோறு போடு. பினாங்குக்கும் கொண்டு போ. நிறையப் போடு, வழித்துத் தின்னட்டும்.

இனி நேற்றைய ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். நான் சொல்லி வைத்திருந்தபடி, ஆராதனை முடிந்து போதகர் ஐயா என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். எழுந்து நின்றேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அத்தையின் தங்கை தேவகனி, "அத்தான், வேண்டாம் அத்தான், சொல்லாதங்க" என்று அழுதாள். அவளும் அவன் வருவான் என்று இருந்தவள்தானே. "நீ இரிட்டி" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

போதகர் ஐயா சொன்னார். "மாசிலாமணி, அவசரம் இல்லை. உம்முடைய வீட்டில் மரித்தவர்கள் யார், உயிரோடு இருப்பது யார் என்று சபை கேட்கச் சொல்லும்."

எனக்கு மறதி கிடையாது. வரிசையாகச் சொன்னேன். என் மூத்த மகள் அன்னாள், வாந்திபேதி வந்த வருடம், பேச்சு வரும் முன்னே மரித்தாள். என் மனைவி ஞானப்பூ, விஷக்காய்ச்சலுக்கு அடுத்த வருடம், வாசலைப் பார்த்தபடி மரித்தாள். அங்கே நின்றுவிட்டேன். வெளியே கட்டியிருந்த என் மாட்டின் கழுத்துமணி கேட்டது. பிறகு சொன்னேன். என் மகன் செல்வதாஸ், பாஸ்ராவில், ஆற்றுப் படகில் மரித்தான்.

அவன் பெயரையும் அந்தச் சொல்லையும் சேர்த்து என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. தேவகனி அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"உயிரோடு இருப்பது?" என்று போதகர் ஐயா மெல்லக் கேட்டார்.

என் மருமகள் நேசபாய் என்றேன்.